திரியும் திரையும்

விளக்கை ஏற்றுதல் ஒரு கலை. ஏற்றிய விளக்கின் திரியை அளவறிந்து தூண்டுதல் பிறிதொரு கலை. திரி மிகுந்தால் புகை எழுந்து சிமிலி கறுக்கும். குறைந்தால் அருகிருப்பவர் முகமும் தெரியாது. யாழ்ப்பாணத்து மூதாட்டியர் இந்த அளவை எந்த நூலையும் பார்த்துக் கற்றாரல்லர். கண்ணே அவர்களுக்கு அளவுகோலாயிற்று. இன்று குடாநாட்டு வீடுகளின் சுவரிலே தொங்கும் தொலைக்காட்சித் திரையும் ஒருவகை விளக்கே. அதற்கும் ஒரு திரி உண்டு. அதைத் தூண்டும் அளவும் உண்டு. அந்த அளவைத் தேடிய வரலாறு ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதேயாயினும், குடாநாட்டு மக்களின் இன்பதுன்பங்கள் யாவும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

சென்னையிலே தொலைக்காட்சி நிலையம் 1975 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் தொடங்கிற்று. இலங்கையிலோ 1979 ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான் கொழும்பிலிருந்து முதல் ஒளிபரப்பு எழுந்தது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தன் பணியை ஆரம்பித்தது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையிலும் வேறிடங்களிலும் அதன் அஞ்சற் கோபுரங்கள் எழுந்தன. வடபகுதிக்கென வன்னியிலுள்ள கொக்காவிலில் ஒரு கோபுரம் நின்றது. ஆயினும் தமிழ் நிகழ்ச்சிகளை நிறையப் பார்க்க விரும்பிய குடாநாட்டார் தங்கள் அன்ரெனாவைத் தெற்கு நோக்கி மட்டும் நிறுத்தினாரல்லர். கடலைத் தாண்டி இந்தியாவை நோக்கியும் திருப்பினர்.

இதற்கு நிலமும் கடலும் துணை நின்றன. யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த சமதரை; அலையை மறிக்க ஒரு குன்றேனும் இல்லை. கொடைக்கானல் மலையோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரமுடையது. 1980களின் பிற்பாதியில் அங்கிருந்து தூரதர்ஷன் ஒளிபரப்பு எழுந்தபோது, அந்த உயரமே குடாநாட்டுக்கு வாய்ப்பாயிற்று. அத்துணை உயரத்திலிருந்து புறப்படும் அலை பூமியின் வளைவால் மறைக்கப்படாமல் ஏறத்தாழ 190 கிலோமீற்றர் செல்லும். வீட்டு முற்றத்திலே 15 மீற்றர் உயரக் கம்பம் நாட்டினால் இன்னும் ஒரு 16 கிலோமீற்றர் கூடும். ஆனால் யாழ்ப்பாண நகரோ கொடைக்கானலிலிருந்து 280 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. எஞ்சிய தொலைவை அலை எவ்வாறு கடந்தது? வெப்பமும் ஈரமும் மிக்க கடற்காற்று சிற்சில நாட்களில் அடுக்கடுக்காக அமைந்து, அலையை நிலத்தை நோக்கி வளைத்துவிடும். பாக்கு நீரிணை அந்நாட்களில் ஒரு வாய்க்கால்போல அலையை ஏந்தி வந்தது. காற்று மாறினால் படமும் போய்விடும். எனவே குடாநாட்டில் படத்தைச் சரிசெய்தல் என்பது முதலில் பெட்டியின் முன்னே நடந்த காரியமன்று. கூரையின் மேலே நடந்த காரியமாகும். ஒருவர் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து, "வந்திட்டுது, அப்பிடியே விடுங்கோ" என்று குரல் கொடுக்கும் வழக்கம் அக்காலத்து வீடுகளுக்குப் பொதுவானது.

கூரைப்பணி முடிந்த பின்னரே பெட்டியின் குமிழ்களுக்கு முறை வரும். படம் மேலும் கீழும் உருண்டால் ஒரு குமிழ். பக்கவாட்டில் சரிந்தால் இன்னொரு குமிழ். அவற்றோடு 'பிரைட்னெஸ்', 'கொன்ட்ராஸ்ட்' என்னும் இரண்டு குமிழ்கள் இருந்தன. முன்னது கருமையின் அளவையும் பின்னது வெண்மையின் அளவையும் தீர்மானிப்பன என்பதைப் பலர் அறியார். இரண்டையும் முழுதாகத் திருப்பிவிட்டால் படம் தெளியும் என்றே எண்ணினர். அதனால் வெண்மை பொங்கி முகங்கள் சுண்ணாம்பு பூசியவைபோல் ஆயின.

நிறம் வந்தபோது வேறொரு சிக்கலும் உடன் வந்தது. அமெரிக்கா வகுத்த என்.டி.எஸ்.சி. முறையிலே நிறச்சாயலைத் திருத்துவதற்குத் தனிக் குமிழ் வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் புரூக் 1960களின் தொடக்கத்தில் வகுத்த 'பால்' முறையோ, நிறப்பிழையை வரிக்கு வரி எதிரெதிராக மாற்றித் தானே ஈடுசெய்தது. இந்தியாவும் இலங்கையும் இம்முறையையே மேற்கொண்டன. எனவே யாழ்ப்பாணத்துப் பெட்டிகளுக்குச் சாயற் குமிழ் தேவைப்படவில்லை.

ஆனால் 1983 ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டு மக்கள் உலகெங்கும் சிதறினர். பிரித்தானியா, ஜெர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலே 'பால்' முறை, பிரான்சிலே 'செக்காம்' முறை, கனடாவிலே என்.டி.எஸ்.சி. முறை. ரொறன்ரோவில் நடந்த கலியாண வீட்டின் வீடியோக் கசெற் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாலும், சாதாரண 'டெக்'கில் இட்டபோது படம் உருண்டது, நிறம் மறைந்தது. 625 வரிகளுக்கென அமைந்த பெட்டி, 525 வரிகளால் எழுதப்பட்ட பேத்தியின் முகத்தைக் காட்ட மறுத்தது. பல முறைகளையும் ஏற்கும் 'டெக்' உள்ள வீட்டைத் தேடிச் செல்லவேண்டிய நிலை உண்டாயிற்று. தொழில்நுட்ப அளவுகள் வெறும் எண்களல்ல, அவை உறவுகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் வல்லவை என்பதை ஈழத்தமிழர் இவ்வாறு உணர்ந்தனர்.

1990 ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அடுத்த மாதமே கொக்காவில் முகாம் வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. தேசிய மின்விநியோகம் குடாநாட்டுக்கு இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று, உலர் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அந்நாட்களில் யாழ்ப்பாணம் கண்ட விளக்கு ஜாம் போத்தல் விளக்காகும். போத்தலின் அடியிலே சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு, நூலளவு திரியிலே சுடரேற்றி, அதனருகே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். வானொலியைச் சைக்கிள் டைனமோவால் இயக்கிச் செய்தி கேட்டனர். எப்போதாவது ஒரு மின்பிறப்பாக்கியை வாடகைக்கு எடுத்துத் திரைப்படம் பார்ப்பதுண்டு. பிறப்பாக்கி தளர்ந்து மின்னழுத்தம் குறையுந்தோறும், திரையிலே படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவிலே ஒடுங்கும். அன்று படத்தைத் திருத்துவதற்கு ஒரே வழி, பிறப்பாக்கிக்கு எண்ணெய் ஊற்றுவதுதான்.

போர் 2009 ஆம் ஆண்டு முடிவுற்றது. கொக்காவிலிலே 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. தேசிய மின்விநியோகமும் பின்னர் வந்து சேர்ந்தது. அக்காலத்திலேயே உலகில் மற்றுமொரு வகைத் திரை பிறந்திருந்தது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர், மின்சாரம் பாய்ந்தால் தாமே ஒளிரும் மெல்லிய கரிமப் படலங்களைப்பற்றி 1987 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓலெட் எனப்படும் திரைக்கு அதுவே வித்து. சோனி நிறுவனம் 2007 ஆம் ஆண்டு 11 அங்குலப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்.ஜி. நிறுவனம் 2013 ஆம் ஆண்டு 55 அங்குலப் பெட்டியை வெளியிட்டது.

இத்திரையின் சிறப்பு யாது? சாதாரண எல்.சி.டி. திரையிலே பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதன்முன் உள்ள கதவுகள் திறந்து மூடும். கதவை எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது ஒளி கசியும். ஆதலால் அங்கே இரவு சாம்பல் நிறமாகவே தோன்றும். ஓலெட் திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கருமை வேண்டுமிடத்திலே அது அணைந்துவிடும். இருள் அங்கே உண்மையான இருளாகும். 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அகல்களை ஒரு சுவரிலே அடுக்கி, ஒவ்வொன்றின் திரியையும் தனித்தனியே தூண்டுவதற்கு இது நிகர்.

திரிகள் பெருகினும் பழைய பிழை மறையவில்லை. கடையிலே ஒளிமிக்க கூடத்தில் நூறு பெட்டிகளோடு போட்டியிடுவதற்காக, படம் நீலம் தோய்ந்த வெண்மையும் மிகைநிறமும் கொண்டு மின்னுமாறு அமைக்கப்படுகிறது. அதே அமைப்போடு வீட்டிற்கு வந்தால் மஞ்சள் பூசிய முகமும் வேப்பமர நிழலும் தம் இயல்பை இழக்கும். திரைப்படத்தைத் தயாரிக்கும் கூடத்திலே வெண்மைக்கு ஓர் அளவு உண்டு. 6,500 கெல்வின் என்னும் பகலொளியே அது. சாதாரணப் படங்களுக்கு உச்ச வெண்மை சதுர மீற்றருக்கு 100 கன்டெலா என வைத்தே அங்கு நிறம் தீட்டுவர். இருண்ட அறைக்கு 'காமா' 2.4, சற்று வெளிச்சமான அறைக்கு 2.2. இவ்வளவுகளை ஒரே தெரிவில் அமைத்துத் தருவதற்காகவே 2019 ஆம் ஆண்டு 'ஃபில்ம்மேக்கர் மோட்' என்னும் பயன்முறை அறிவிக்கப்பட்டது. அது பெரும்பாலான சினிமாவின் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற இயக்கத்தையும் காக்கும். பெட்டி இடையிலே தானாகச் சட்டங்களைப் புனைந்து செருகினால், திரைப்படம் நாடக ஒத்திகைபோல் வழுக்கிச் செல்லும்.

தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக்கொண்டு இயக்கி 1977 ஆம் ஆண்டு வெளிவந்த 'பொன்மணி' போன்ற பழைய படத்தை இன்று வீட்டிலே காண்பவருக்கு இவ்வளவுகள் முக்கியமானவை. கறுப்பு வெள்ளைப் படத்திலே நீலச்சாயல் ஏறினால் வெயில் நிலவாகிவிடும். பழைய நிகழ்ச்சிகள் நான்குக்கு மூன்று என்னும் வடிவின. அவற்றை இன்றைய அகலத் திரைக்கு இழுத்தால் மெலிந்தோரும் பருத்தோராவர். பக்கங்களிலே கருமை நிற்பதைக் குறையெனக் கருதலாகாது. அது படத்தின் இயற்கை எல்லை.

இவையனைத்தினும் நுண்ணியது கருமையின் எல்லை. பிரைட்னெஸ் சிறிதே குறைந்தாலும், இரவுக் காட்சியிலே கறுத்த முகங்கள் இருளோடு கலந்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொடாக் நிறுவனம் 1950களிலிருந்து நிறப்படங்களைச் சரிபார்க்க வழங்கிய அட்டையிலே ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே நெடுங்காலம் இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் மேனி சரியாக விழுந்தால் படம் சரி என்பது விதி. பி.பி.சி. 1967 ஆம் ஆண்டு தொடங்கிக் காட்டிய புகழ்பெற்ற சோதனை அட்டையிலும் வெள்ளைச் சிறுமி ஒருத்தியே இருந்தாள். கறுத்த மேனியின் நுண்மைகள் அந்த அளவுகோலுக்குப் புறம்பாயின. அதே கொடாக் கூடத்திலேதான் பின்னர் முழு இருளையும் காட்டவல்ல ஒளி பிறந்தது என்பது வியப்புக்குரியது. ஆகவே தமிழர் வீட்டிலே கருமையை அளக்கத் தகுந்த சோதனை அட்டை எதுவெனின், விளக்கொளியில் எடுத்த தம் குடும்பப் படமேயாகும். கறுத்த முகத்தின் கன்னமும், கருங்கூந்தலின் இழையும், பின்னுள்ள இருளும் மூன்றாகப் பிரிந்து தெரியும்வரை பிரைட்னெஸ்ஸை ஒவ்வொரு படியாக உயர்த்தலாம். இருள் சாம்பலாகத் தொடங்கும் இடத்திலே நிறுத்தி, ஒரு படி இறங்குதல் வேண்டும்.

விளையாட்டுக்கோ வேறு நீதி. சினிமா பார்ப்பவன் காத்திருப்பான்; விளையாடுபவன் காத்திரான். 1972 ஆம் ஆண்டு ரால்ஃப் பேயரின் முயற்சியால் 'ஒடிசி' என்னும் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டி வெளிவந்த காலத்துக் குழாய்த் திரை, வந்த அடையாளத்தை உடனே வரைந்தது. இன்றைய திரையோ படத்தை வாங்கி, மெருகிட்டு, பின் காட்டுகிறது. நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் விளையாட்டிலே ஒரு சட்டத்தின் ஆயுள் 16.7 மில்லிவிநாடி, 120 ஆனால் 8.3 மில்லிவிநாடி. மெருகிடுவதற்கு நான்கு சட்டங்கள் தாமதித்தால், பந்து கடந்தபின்னரே மட்டை சுழலும். 'கேம் மோட்' என்னும் பயன்முறை அந்த மெருகைத் துறந்து விரைவைத் தருகிறது. 2017 ஆம் ஆண்டு வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 விதிமுறையை முழுமையாக ஏற்கும் பெட்டிகளிலே, விளையாட்டுக் கருவியே தொலைக்காட்சிக்கு அறிவித்து இம்மாற்றத்தைச் செய்விக்கும். ஆயினும் விளையாட்டு முடிந்து படம் பார்க்கையில் பழைய முறைக்கு மீண்டதா என நோக்குதல் நலம்.

இறுதியாக ஒரு காப்பும் கூறத்தக்கது. கரிமப் புள்ளிகள் எரிய எரியத் தேய்வன. செய்தி அலைவரிசையின் இலச்சினையோ, விளையாட்டின் புள்ளிப்பட்டியலோ நாள் முழுதும் ஓரிடத்தில் நின்றால் அதன் நிழல் திரையிலே தங்கிவிடக்கூடும். இதனைத் தவிர்ப்பதற்குப் பெட்டி தன்னைத்தானே சீர்செய்துகொள்கிறது. தொலைக்கட்டுப்பாட்டால் அணைத்தபின், காத்திருப்பு நிலையில் இருக்கும்போதே அவ்வேலை நடைபெறும். அணைத்தவுடன் சுவரிலுள்ள ஆளியையும் நிறுத்தும் வழக்கம் குடாநாட்டிலே பரவலானது. மாரிக்கால இடிமின்னலின்போது அவ்வழக்கம் அறிவுடையதே. மற்ற இரவுகளிலே மின்னிணைப்பை விட்டுவைத்தால் பெட்டி தன் பணியை முடித்துக்கொள்ளும்.

கூரையேறிக் கம்பம் திருப்பியவர், ரொறன்ரோக் கசெற்றுக்குத் தகுந்த 'டெக்'கைத் தேடி அலைந்தவர், பிறப்பாக்கிக்கு எண்ணெய் ஊற்றியவர் ஆகிய அனைவரும் வேண்டியது ஒன்றே: தொலைவிலுள்ள முகம் உள்ளவாறு தெரிதல் வேண்டும். இன்று கோபுரமும் மின்சாரமும் திரையும் வாய்த்துவிட்டன. எஞ்சியிருப்பது அளவு ஒன்றுதான். ஜாம் போத்தலின் நூல்திரியை வீணாக்காது காத்த மக்களுக்கு அவ்வளவு புதிதன்று.