மக்காச்சோளத்தை ஏன் ரோட்டில் காயப்போடுகிறோம்?

போன தை மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் வந்திருந்தார். காரை விட்டு இறங்கினதுமே கேட்டார்: "ஏங்க, பாதி ரோட்டை மக்காச்சோளத்தால மூடி வச்சிருக்கீங்களே, உங்க வீட்ல எல்லாம் இடமே இல்லையா?"

கோபமாகத்தான் கேட்டார். அதில் நியாயமும் இருக்கு. இருட்டில் அந்தச் சோளத்தில் டூவீலர் சறுக்கி விழுந்தவங்க எங்க பக்கத்திலேயே உண்டு. அன்னைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போகணும்.

"எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற பழமொழி உங்க எல்லாருக்கும் தெரியும். கடன்காரனுக்குப் பயந்து அப்பன் ஒளிஞ்ச இடத்தைப் பையன் போட்டுக் கொடுத்த கதை. ஆனா குதிரைக் கண்ணால பார்த்தவங்க உங்களில் எத்தனை பேர்? ஒரு ஆள் உள்ளே நிக்கிற உயரத்துக்கு இருக்கும். களிமண்ணோடு நறுக்கின வைக்கோலைச் சேர்த்து மிதிச்சு, உறை உறையா செஞ்சு காயவச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மண்ணால் பூசுவாங்க. மேலே கொட்டுற வாய், அடியில் தானியம் எடுக்க ஒரு சின்ன ஓட்டை. எங்க அப்பாயி தானியத்தோடு வேப்பிலையும் நொச்சித்தழையும் போட்டு, மூடியைச் சுத்தி மண்ணும் சாணியும் குழைச்சுப் பூசிடுவாங்க. காத்து புகாது.

அந்தப் பூச்சில்தான் சூட்சுமம் இருக்கு. தானியத்துக்கும் உயிர் உண்டு, அது மூச்சு விடும். உள்ளே மாட்டின வண்டும் மூச்சு விடும். காத்து புகாத இடத்தில் பிராணவாயு குறையக் குறைய வண்டு பெருக முடியாமல் போகும். மேட்டு நிலத்து ஊர்களில் தரைக்கடியில் குழி வெட்டித் தானியம் போட்டதும் இதே கணக்குதான். அந்தக் குழியைத் திறந்ததும் யாரும் உடனே இறங்க மாட்டாங்க. முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பாங்க. விளக்கு அணைஞ்சா உள்ளே நல்ல காத்து இல்லைன்னு அர்த்தம்.

நம்ம ஆட்களுக்கு இது ரொம்பப் பழைய வித்தை. ஏணிக்கு எட்டாத உயரமான தானியக் கூடுகளையும், அவற்றைக் கூரை வழியாக நிரப்பினதையும் பெரும்பாணாற்றுப்படை சொல்லுது. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்னைக்கும் நிக்குது. 36 அடி உயரம், 3000 கலம் நெல் பிடிக்குமாம். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

ஆனா இதெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உள்ளே போற தானியம் நல்லாக் காய்ஞ்சிருக்கணும். கம்பு, சோளம், வரகு எல்லாம் சின்னச் சின்ன மணி. களத்தில் ரெண்டு மூணு நல்ல வெயில் பட்டால் காய்ஞ்சிடும்.

மக்காச்சோளம் அப்படி இல்லை. பேரில்தான் மக்கா இருக்கு, பிறந்த ஊர் மெக்சிகோ. பெரிய மணி, உள்ளே எண்ணெய்ப் பசையுள்ள பெரிய கரு. அறுக்கும்போது நூத்துக்கு 20, 25 பங்கு ஈரம் இருக்கும். மாசக்கணக்கில் வைக்கணும்னா அது 12, 13-க்கு இறங்கணும்.

இந்தச் சங்கடம் அமெரிக்கக்காரனுக்கும் இருந்தது. அவன் ரொம்ப நாள் மணியை உதிர்க்காமல் கருதாகவே வச்சிருந்தான். இடைவெளி விட்டு மரச்சட்டம் அடிச்ச குறுகலான கொட்டகையில் கருதைப் போட்டால், குறுக்கே வீசுற காத்து காய வச்சிடும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வயலிலேயே மணியை உதிர்க்கிற மிஷின் பெருகினது. உதிர்ந்த மணி நெருக்கமாகப் படியும், காத்து தானாக நுழையாது. அதனால் வட்டமான இரும்புத் தொட்டி, அடியில் துளை போட்ட தகரத் தரை, அதுக்குக் கீழே விசிறின்னு வந்தது. நம்ம குதிர் காத்தை வெளியே நிறுத்துச்சு. அவங்க தொட்டி காத்தை உள்ளே கூப்பிடுது.

எங்க பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் பெருகினது நாமக்கல் கோழித் தீவனத்தை நம்பித்தான். முதல் வருஷங்களில் ஒரு தடவை, விலை ஏறட்டும்னு அப்பா ஒரு தகரத் தொட்டி நிறைய சோளத்தைக் கொட்டி இறுக்கி மூடினார். மழை மிரட்டினதால் சரியாகக் காயலை. "குதிரில் கெடாதது இதில் கெடுமா"ன்னு நினைச்சார். நாற்பது நாள் கழிச்சுத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணி. மேலே ஒரு சாண் ஆழத்துக்கு முளை விட்டு, பச்சையும் கறுப்புமாகப் பூசணம். கையை உள்ளே விட்டால் சுட்டது.

ராத்திரியில் தகரம் குளிரும், நடுவில் இருக்கிற சோளம் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈரத்தைச் சுமந்துக்கிட்டு மேலே வர்ற காத்து, குளிர்ந்த மூடியில் பட்டுத் தண்ணியாகிச் சொட்டும். தகரம் வேர்க்குதுன்னு நாங்க சொல்றது இதைத்தான்.

அதை மாட்டுக்காவது போடலாம்னார் அப்பா. அப்பாயி ஒத்துக்கலை. "வாயில்லா ஜீவன்டா அது. குழி வெட்டிப் பொதச்சிரு"ன்னாங்க. ஒரு வருஷ உழைப்பு மண்ணுக்குள்ளே போச்சு.

அப்பாயி எவ்வளவு சரின்னு பின்னாடி படிச்சப்போதான் புரிஞ்சது. 1974-ல ராஜஸ்தானின் பான்ஸ்வாடாவிலும் குஜராத்தின் பஞ்சமகாலிலும், அறுவடை நேரத்து மழையில் நனைஞ்ச மக்காச்சோளத்தை ஏழைப் பழங்குடி ஜனங்க அப்படியே சேர்த்து வச்சுச் சாப்பிட்டாங்க. மஞ்சள் காமாலை வந்து வயிறு வீங்கி 106 பேர் செத்துப்போனாங்க. அதே சோற்றைத் தின்ன நாய்களும் செத்தன. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம்தான் காரணம்னு ஆய்வில் தெரிஞ்சது. சமைச்சாலும் அது முழுசாகப் போகாது.

இப்போ நான் டவுன் வெல்டிங் பட்டறையில் மூணு டன் பிடிக்கிற தொட்டி செஞ்சு வச்சிருக்கேன். அடியில் துளைத் தகரம், ஒரு சின்ன புளோயர். மழை ஈரம் இல்லாத, சோளத்தை விடக் காத்து குளிர்ச்சியா இருக்கிற நேரம் பார்த்து ஓட்டுவேன். சூடு எல்லா இடத்திலும் சமமாகும், தகரம் வேர்க்காது. ஆனா ஒண்ணை மறக்கக் கூடாது. இந்தச் சின்ன விசிறி குளிர வைக்கத்தான். ஈரச் சோளத்தைக் காய வைக்க அதுக்குத் தெம்பு கிடையாது.

கொட்டுறதுக்கு முன்னாடி இன்னைக்கும் ஒரு சோதனை செய்வேன். காய்ஞ்ச கண்ணாடி பாட்டிலில் ஒரு கை சோளமும் கொஞ்சம் காய்ஞ்ச உப்பும் போட்டுக் குலுக்கணும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் திரும்பவும் வெயிலுக்கு.

அந்த வெயிலுக்கு எங்கே போறது? முன்னே ஊருக்குப் பொதுவாகக் களம் இருந்தது. சாணி மெழுகி, ஆளுக்கு ஒரு நாள்னு முறை வச்சுக் காயவச்சோம். இப்போ எங்க ஊர்க் களத்தில் கட்டடங்கள் நிக்குது. மிச்சம் இருக்கிறது ஒரு சின்ன சிமென்ட் களம். அறுவடை எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வருது. சூடேறிய, தட்டையான, வாடகை இல்லாத இடம்னு பார்த்தால் தார் ரோடுதான்.

நண்பரே, எங்க வீட்டில் சோளத்தை வைக்க இடம் இருக்கு. காய வைக்கத்தான் இடம் இல்லை. நாங்க செய்யுறது சரின்னு சொல்ல வரலை. ஊருக்கு ஊர் ஒரு நல்ல களம் இருந்தால், உங்க ரோடு உங்களுக்கு, எங்க சோளம் எங்களுக்கு.