ஆளில்லா மேடைகளும் 2005-ஆம் ஆண்டுத் தீயும்

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலின் அடியில் எண்ணெய் இருப்பதை 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்னும் துளையிடு கலம் கண்டறிந்தது. 1976 மே 21 அன்று பம்பாய் ஹை வயலில் உற்பத்தி தொடங்கியது. முதலில் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட எண்ணெய், 1978 முதல் கடலடிக் குழாய் வழியே உரண் கரையை அடைந்தது.

பரந்து கிடக்கும் இவ்வயலின் எண்ணெய் முழுவதையும் ஒரே மேடையிலிருந்து எடுத்துவிட முடியாது. ஆகவே சிறு கிணற்றுமேடைகள் ஆங்காங்கே நிறுவப்பட்டன. இரும்புக் கால்கள், சில கிணறுகளின் வால்வுத் தொகுதிகள், ஹெலிகாப்டர் இறங்குதளம் ஆகியவையே அவற்றின் உடைமை. தங்குமிடம் இல்லை; பணியாளர் வந்து பழுதுபார்த்துத் திரும்புவர். குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால் வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் இடத்திலிருந்து மனிதரை விலக்கி வைப்பதே இவ்வமைப்பின் சிறப்பு.

ஆயினும் இம்மேடைகள் தனித்து இயங்குவன அல்ல. கிணற்றில் வரும் கலவை கடலடிக் குழாய் வழியே மைய மேடைக்குச் சென்று எண்ணெய், எரிவாயு, நீர் எனப் பிரிக்கப்படுகிறது. இயல்பழுத்தம் குன்றிய கிணறுகளில் எண்ணெயை மேலெழச் செய்ய, மையத்தில் அழுத்தப்பட்ட எரிவாயு மீண்டும் கிணறுகளுக்கே அனுப்பப்படுகிறது. கிணற்றுமேடையில் ஆள் இல்லை. அதற்கு உயிரூட்டும் மையத்திலோ நூற்றுக்கணக்கானோர் இருந்தனர்.

2005 ஜூலை 27 அன்று, காயமுற்ற ஒரு சமையற்காரரை மேடைக்கு ஏற்றும் பொருட்டு ‘சமுத்ர சுரக்ஷா’ என்னும் துணைக்கலம் மும்பை ஹை வடக்கு மையத்தை நெருங்கியது. கட்டுப்பாடு குலைந்து மோதிய கலம், கிணறுகளுக்கு எரிவாயு கொண்டுசெல்லும் குழாயை உடைத்தது. கசிந்த வாயு தீப்பற்றியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மைய மேடை அழிந்தது. 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் மாண்டனர். அம்மையத்தை நம்பியிருந்த கிணறுகளும் ஓய்ந்தன. அவற்றின் ஓட்டத்தைப் பிற மையங்களுக்குத் திருப்பிய பின்னரே உற்பத்தி படிப்படியாக மீண்டது.

கிணற்றை விட்டு மனிதரை அகற்றியது அறிவுடைய செயலே. ஆனால் அவ்வாறு அகற்றப்பட்ட அபாயம் மறைந்துவிடவில்லை. குழாய்களின் வழியே மனிதர் குடியிருந்த இடத்திற்கே வந்து சேர்ந்தது. ஆளில்லா மேடையின் வரலாற்றை, ஆள் இருந்த மேடையின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும்.