காசநோய் வார்டில் பிறந்த தொழில்: ஓவியச் சிகிச்சை தாராவிக்கு வந்த கதை

குழந்தை யாரோடும் பேச மறுக்கிறது, பள்ளியில் ஒதுங்கியே உட்கார்ந்திருக்கிறது, இரவில் அலறி எழுகிறது என்று வந்து நிற்கும் தாய்க்கு மும்பையில் இப்போது சொல்லப்படும் யோசனைகளில் ஒன்று, “ஆர்ட் தெரபிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள்” என்பது. அதைக் கேட்கும் தாய், வாரத்துக்கு இரண்டு நாள் டிராயிங் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தொழில் எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், எதற்காக அதற்கு ஒரு படிப்பும் பதிவும் வேண்டியிருக்கிறது என்று தமிழில் எடுத்துச் சொன்னவர்கள் குறைவு.

இது பிறந்த இடம் ஒரு காசநோய் வார்டு. எட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-ல் காசநோய் கண்டு, சசெக்ஸ் பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரிலிருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் சானடோரியத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது போர்முனைக்கே போய்ப் படம் வரைந்தவர் அவர். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது வரவில்லை. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை: அன்றைய வைத்தியம் இவ்வளவுதான். அசையாமல் படுத்திருக்க வேண்டிய மனிதர், கைக்கெட்டிய தூரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். தனக்குத் தெம்பு கூடுவதை உணர்ந்தார். பிறகு அதே சானடோரியத்தில் மற்ற நோயாளிகளுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களும் அவர்களில் இருந்தார்கள். வாயால் சொல்ல முடியாத போர்க்களத்தைத் தாளில் இறக்கிவைத்தார்கள். 1942-ல் ஹில் இந்த வேலைக்கு ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் வைத்தார். 1945-ல் ‘ஆர்ட் வெர்சஸ் இல்னஸ்’ என்று புத்தகமும் எழுதினார்.

பெயர் வைத்தவர் ஹில். ஆனால் பெயரைக் கேள்விப்படாமலே, இதைவிடக் கொடிய இடத்தில் இதே வேலையைச் செய்தவர் பிரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ். வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்குக் கிடைத்த காகிதத் துண்டுகளிலெல்லாம் வரையக் கற்றுக்கொடுத்தார். படத்தில் பெயரெழுதச் சொன்னார். எண்களாக மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு அவர்கள் பெயரைத் திருப்பிக் கொடுத்த செயல் அது. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதற்குமுன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவை இன்று பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிர்தப்பவில்லை.

டெரெசினுக்கு முன்பு, பிராகில் அகதிக் குழந்தைகளோடு பிரீடல் வேலை செய்தபோது உடனிருந்து கற்றவர் ஈடித் கிராமர். 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப்போன அவர், அங்கே இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரானார். வரையும் செயலுக்குள்ளேயே குணமாக்கும் ஆற்றல் இருக்கிறது, பொங்கிவரும் கோபத்தை ஒரு வடிவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே பாதி மருந்து என்பது கிராமரின் கட்சி. அதே நாட்டில் 1940-களில் நியூயார்க் மனநல ஆய்வு நிலையத்தில் வேலை செய்த மார்கரெட் நாம்பர்க் வேறு பக்கம் நின்றார். படம் என்பது அடிமனத்தின் பேச்சு. நோயாளியும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும்போதுதான் முடிச்சு அவிழும் என்றார். ஓவியச் சிகிச்சை இன்றும் இந்த இரு கால்களில்தான் நடக்கிறது.

இங்கிலாந்தில் 1946-ல் நெதர்ன் மனநல மருத்துவமனை எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியரை வேலைக்கு வைத்துக்கொண்டது. மூளையில் கத்தி வைப்பதும் மின்அதிர்ச்சி கொடுப்பதும் வழக்கமாயிருந்த காலம். ஆடம்சன் நோயாளிகளுக்கு ஒரு ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். இதை வரை, அதை வரை என்று சொல்லவில்லை, இதற்கு இதுதான் பொருள் என்று விளக்கவும் இல்லை. அவர் காப்பாற்றி வைத்த ஆயிரக்கணக்கான படைப்புகள் இன்று லண்டனில் வெல்கம் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. வெல்கம் என்ற இந்தப் பெயர் தாராவியிலும் வரும்.

நல்ல மனிதர்கள் செய்த நல்ல காரியம் ஒரு தொழிலாக மாற இன்னும் நாளானது. பிரிட்டனின் ஓவியச் சிகிச்சையாளர் சங்கம் 1964-ல் அமைந்தது, அமெரிக்காவின் சங்கம் 1969-ல். 1997-ல் பிரிட்டன் இதை அரசுப் பதிவுக்குரிய தொழிலாக ஏற்றது. இன்று அங்கே முதுகலைப் படிப்பு முடித்து, மருத்துவமனையிலோ பள்ளியிலோ மூத்தவர் கண்காணிப்பில் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறாதவர் தன்னை ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். மாணவர் தானும் ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார்ந்து தன் மனத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் படிப்பின் பகுதி. பிறர் காயத்தைத் தொடப்போகிறவர் தன் காயத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

தமிழ்க் குழந்தைகளிடம் இந்த வழி வந்து சேர்ந்தது இலங்கைப் போரின் நடுவில். 1996-ல் மட்டக்களப்பில் கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் திறந்தார்கள். போரில் அடிபட்ட தமிழ்க் குழந்தைகளையும் முஸ்லிம் குழந்தைகளையும் ஒரே இடத்துக்கு அழைத்துவந்து, களிமண்ணோடும் வண்ணங்களோடும் கதைகளோடும் இருக்க விட்டார்கள். இந்த முயற்சியை நம் சமூகத்தின் வரலாற்றில் பெருமையோடு எழுதிவைக்க வேண்டும்.

மும்பைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து சக்கரத்தோடு வந்த கும்பார்வாடாக் குயவர்களும், எம்பிராய்டரி கைகாரர்களும் சேர்ந்து கட்டிய ஊர் தாராவி. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இடம் அது. கையால் ஒன்றைச் செய்து காட்டத் தெரியாத தெரு அங்கே கிடையாது.

பக்கத்திலுள்ள சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவை நடத்தி, டீனாகவும் இருந்த டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1999-ல் ‘ஸ்நேஹா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தாய்சேய் நலத்தோடு, பெண்கள் மீதான வன்முறையையும் ஸ்நேஹா சுகாதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. அடிபட்ட பெண், “கீழே விழுந்துட்டேன்” என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாத இடத்தில் ஊசியும் நூலும் வேலை செய்தன. ஸ்நேஹாவின் நைரீன் தாருவாலாவும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேவிட் ஆஸ்ரினும் முன்னின்று, வெல்கம் அறக்கட்டளையின் நிதியோடு 2012-ல் ‘தேகா அன்தேகா’ என்ற கண்காட்சியையும், 2015 பிப்ரவரி, மார்ச்சில் தாராவிச் சந்துகளிலேயே ‘ஆலி கல்லி பியனாலே’ என்ற கலைக் கண்காட்சியையும் நடத்தினார்கள். கலைஞர்களும் தாராவிவாசிகளும் மாதக்கணக்கில் பட்டறைகளில் சேர்ந்து உட்கார்ந்து செய்தவை அங்கே காட்சிக்கு வந்தன. அவற்றில் ஒன்று, பெண்கள் துணியில் தைத்த தாராவி வரைபடம். பெண்கள் மீது எங்கெங்கே வன்முறை நடக்கிறது என்பதை அதில் குறித்திருந்தார்கள். காவல்நிலையப் பதிவேட்டுக்குப் போகாதது துணியில் ஏறியது.

‘தாராவி ஆர்ட் ரூம்’ என்ற அமைப்பில் ஹிமான்ஷு எஸ்., ஆக்வி தாமி ஆகிய கலைஞர்கள் குழந்தைகளோடும் பெண்களோடும் படம் வரைந்து பழகி வந்திருக்கிறார்கள். செம்பூரை ஒட்டிய தேவ்னாரில், 1936-ல் பிறந்த டாடா சமூக அறிவியல் நிறுவனம் கொல்கத்தா சன்வேத் அமைப்போடு சேர்ந்து நடன அசைவுச் சிகிச்சையில் பட்டயப் படிப்பை நடத்தியது. ஆக, விதை தூவியாகிவிட்டது.

ஆனால் பட்டறை வேறு, சிகிச்சை வேறு. பட்டறையில் பிறக்கும் படம் பார்வையாளருக்கானது, நாலு பேர் பார்த்தால்தான் அதன் பயன். சிகிச்சையில் பிறக்கும் படம் வரைந்தவருக்கு மட்டுமே சொந்தம். சிகிச்சையாளர் அதைக் கோப்பில் வைத்துப் பூட்டிக் காப்பார். சுவரில் ஒட்டமாட்டார், வாட்ஸ்அப்பில் போடமாட்டார், அம்மாவிடம்கூடக் குழந்தையின் சம்மதத்தை மதித்துத்தான் பேசுவார். அழகு, மதிப்பெண், பரிசு எதுவும் அங்கே இல்லை. கறுப்புக் கிரேயானை எடுத்தால் சோகம், சிவப்பை எடுத்தால் கோபம் என்று ஜோசியம் சொல்வதும் இல்லை. வாரந்தோறும் அதே நேரம், அதே அறை, அதே ஆள் என்ற நிச்சயத்தில் குழந்தை மெல்ல நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கையில் பழைய பயம் வெளியே வரும்போது, அதைத் தாங்கிப்பிடிக்கத் தெரிந்த ஆள் எதிரே இருக்க வேண்டும். தெரியாத ஆள் இருந்தால் திறந்த புண் திறந்தபடியே போகும். பயிற்சி கட்டாயம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

தாராவியில் இதற்கு முதல் தடை அறை. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டில், பக்கத்து வீட்டின் மிக்ஸி சத்தம் கேட்கும் சுவருக்குள், ரகசியத்தை எங்கே வைப்பது? அதனால் சிகிச்சை அறை மாநகராட்சிப் பள்ளிக்குள்ளும் சுகாதார மையத்துக்குள்ளும் அமைய வேண்டும். இரண்டாவது தடை மொழி. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. படத்துக்கு மொழி தேவைப்படாமல் போகலாம். ஆனால் வரைந்து முடித்த குழந்தை சொல்லும் முதல் வார்த்தை திருநெல்வேலித் தமிழில் வரும். அதைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் ஆள் வேண்டும்.

சட்டம் இப்போது வழிவிட்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சேவை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம், தன் அட்டவணையில் அசைவுச் சிகிச்சையாளர் என்ற தலைப்பின்கீழ் கலை, நடனச் சிகிச்சையாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அச்சட்டப்படி துணைமருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரமும், நலவாழ்வுத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3,600 மணி நேரமும் படிப்பு வேண்டும். வாரக் கடைசியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சட்டத்தைச் செயல்படுத்தச் சொல்லி 2024-ல் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளை முடுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலின் எதிர்காலம் எங்கே என்று கேட்டால், நான் முதலில் சேவ்ரியைக் காட்டுவேன். தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் எட்டிவிடும் தூரத்தில் மாநகராட்சியின் பெரிய காசநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் சிகிச்சை. சைக்ளோசெரின் போன்ற மருந்துகள் மனச்சோர்வையும் குழப்பத்தையும் கொண்டுவரக்கூடியவை. ஒதுக்கிவைக்கும் அக்கம்பக்கம் வேறு. எட்ரியன் ஹில் படுத்திருந்த நிலையில்தான் நம் ஆட்கள் இன்று படுத்திருக்கிறார்கள். மருந்து மாத்திரையை வண்ணம் ஈடுசெய்யாது. மாத்திரையை விடாமல் விழுங்கும் மனத்தை அது தாங்கிநிற்கும்.

ஆகவே மும்பைத் தமிழர்களிடம் சில வேண்டுகோள்கள். பெற்றோர்களே, ஆர்ட் தெரபி என்று யாராவது சொன்னால், எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் பயிற்சி, யார் கண்காணிப்பில் வேலை செய்கிறீர்கள், என் குழந்தையின் படங்களை எங்கே வைப்பீர்கள் என்று இந்த நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மும்பையில் கல்வி நிலையங்கள் நடத்தும் நம் சங்கங்களே, ஆண்டுதோறும் தாராவியிலிருந்து இரண்டு பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்பப் பணம் ஒதுக்குங்கள். மாநகராட்சியே, சயானிலும் சேவ்ரியிலும் ஓவியச் சிகிச்சையாளருக்குச் சம்பளத்தோடு ஒரு பணியிடம் உருவாக்குங்கள். தொண்டாகத் தொடங்கியது தொழிலாக நிலைக்க அந்தப் பணியிடம்தான் தேவை.