ஒரு மலை, இரண்டு பட்டியல்கள்

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பலர் ஏரியோடு திரும்பிவிடுகிறார்கள். மலையின் உச்சிக்கு, 5,300 அடிக்கு மேலே போனால் ஒரு குகைக்கோயில். குனிஞ்சுதான் உள்ளே போகணும். இருட்டில் சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடிகள் இங்கே திரள்கிறார்கள்.

தெய்வத்தின் பெயர்தான் மலைக்கும். வெள்ளைக்காரன் வாயில் அது 'ஷெவராய்' ஆயிற்று. பின்னர் இலத்தீன் விகுதி ஒட்டிக்கொண்டு 'ஷெவராயென்சிஸ்' ஆயிற்று. 2019இல் இந்த மலையிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு சிறு பல்லிக்கு நெமாஸ்பிஸ் ஷெவராயென்சிஸ் என்று பெயர். அதே கட்டுரையில் அறிமுகமான இன்னொரு பல்லி நெமாஸ்பிஸ் தாக்கரேயி. மும்பையின் அரசியல் குடும்பத்தைச் சேர்ந்த, உயிரின ஆய்வில் ஈடுபாடுள்ள தேஜஸ் தாக்கரேயின் பெயர் அது. காலங்காலமாக அந்தப் பல்லியைப் பார்த்துவரும் மலையாளிகளின் சொல் ஏதும் இதில் இல்லை. பெயரிடுவது அதிகாரம் என்று சொல்லி இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். நம்முடைய பத்திரிகைகளில் அப்படித்தானே முடிக்கிறோம்? எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் இதே மலையில் ஒரு பாம்பின் கதையும் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வன அதிகாரி பெடோம் 1863இல் சேர்வராயன் மலையின் கேடயவால் பாம்பு ஒன்றை விவரித்து, ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரை அதற்கு இட்டார். பிற்கால வல்லுநர்கள் இது தனி இனமல்ல என்று கருதி, யூரோபெல்டிஸ் சிலானிக்கா என்ற இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். மண்ணுக்குள் பாம்பு அப்படியே இருந்தது; ஏட்டில் இல்லாமல் போனது. (சிலானிக்கா என்றால் இலங்கைக்குரியது, அந்த இனமோ மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. தப்பான பெயர்தான், ஆனால் முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஊர் தப்பு என்பதற்காக மாற்ற முடியாது.)

2014இல் ஆய்வாளர்கள் பாம்புகளை மறுபடி ஒப்பிட்டு, செதில்களை எண்ணி, சேர்வராயன் மலைப் பாம்பு தனி இனமே என்று நிறுவினார்கள். யூரோபெல்டிஸ் ஷார்ட்டி திரும்பி வந்தது. இது எப்படி முடிந்தது? பெயரோடு ஒரு மாதிரி உடலும் சேமிக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் பார்த்து 'நீ சொன்னது தப்பு' என்று எழுதலாம். இனத்தின் பெயர் ஒரு கருதுகோள், அவ்வளவுதான். மாதிரி உடல்களில் பல இன்னும் லண்டனில் இருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை.

மனிதர்களை வகைப்படுத்திய கையும் இதே கைதான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் உயிரினங்களைச் சேகரித்தார். மனிதர்களின் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அந்த அளவுகோலை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. பட்டியலிடுவது மட்டும் நிற்கவில்லை.

அரசின் பழங்குடிப் பட்டியல் மலையாளிகளைச் சேலம், தருமபுரி முதலான சில மாவட்டங்களின் பெயரைச் சொல்லித்தான் ஏற்கிறது. ஈரோட்டின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் உண்டு. அந்தப் பகுதி 1979 வரை கோவை மாவட்டம். கோவை பட்டியலின் அடைப்புக்குறிக்குள் இல்லை. அதனால் சேர்வராயன் மலையில் பழங்குடி, பர்கூரில் இல்லை. சாதிச் சான்றிதழ், படிப்பு, வன உரிமை எல்லாம் இந்த அடைப்புக்குறியில் தொங்குகின்றன. 'எங்களையும் சேருங்க' என்று அவர்கள் கேட்டுவந்திருப்பது பல பத்தாண்டுகளாக.

மனிதர்களைப் பாம்போடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். மனிதர்கள் இனங்களாகப் பிரிக்கப்பட வேண்டியவர்கள் அல்ல என்பதே என் வாதம். நான் ஒப்பிடுவது பட்டியல்களை. ஒரு பட்டியலில் தவறு நேர்ந்தால் செதிலை எண்ணிக் காட்டினால் போதும். இன்னொன்றைத் திருத்தக் கோப்பு மாநிலத்திலிருந்து டெல்லிக்குப் போகணும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றணும். பாம்புக்குக் கிடைத்த மறுவாசிப்பு பர்கூர் மலையாளிக்குக் கிடைக்கவில்லை. வகைப்பாட்டின் அரசியலைப் பேசுகிறவர்கள் இனிப் பேச வேண்டியது, பெயர் யார் வைத்தது என்பதைவிட, அதைத் திருத்த யாருக்கு வழி இருக்கிறது என்பதைத்தான்.