கைமாறலும் கைம்மாறும்: பந்தயக் கார் ஒன்றின் விற்பனையை முன்வைத்து

பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை செய்யப்பட்ட நாளிலிருந்தே தொடங்குகின்றனர். விற்கப்படும் நாளிலிருந்து தொடங்கினால் வேறொரு சரித்திரம் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஒருவரிடமே பல்லாண்டுகள் இருந்து, கிளப் பந்தயங்களுக்கென உருமாற்றப்பட்ட டாட்சன் 240இசட் கார் விலைக்கு வரும்போது எழும் கேள்விகள் அத்தகையவை. அவற்றைப் புரிந்துகொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1969 அக்டோபரில் நிஸான் நிறுவனம் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற காரை அறிமுகப்படுத்தியது. வடிவமைப்புக் குழுவின் தலைவர் யோஷிஹிகோ மட்சுவோ. அமெரிக்காவில் நிஸானின் பொறுப்பிலிருந்த யுட்டாகா கட்டாயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இசை நாடகம் ஒன்றின் நினைவாக வந்த நளினப் பெயரை அமெரிக்க வாலிபர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர் கருதினார். எனவே அங்கே அது வெறும் '240இசட்' ஆயிற்று. 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய ஆறு சிலிண்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கமைப்பு, ஏறக்குறைய ஒரு டன் எடை. விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை விலையறிந்து ஒதுங்கி நின்றவர்களுக்கு இது எட்டும் கனியாக இருந்தது.

அங்கே கிளப் பந்தயத்துக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. 1944-இல் தோன்றிய 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா', கடைகளில் விற்கும் கார்களை விதிகளுக்கு உட்பட்டு மாற்றியமைத்து ஓட்டும் 'புரொடக்ஷன்' பிரிவுகளை நடத்தி வந்தது. வாரம் முழுதும் வேறு தொழில் செய்து, சனி ஞாயிறுகளில் தலைக்கவசம் அணிகிறவர்களே அதன் உயிர்நாடி. அதன் 'சி புரொடக்ஷன்' பிரிவில் பீட்டர் ப்ராக்கின் அணிக்காக 240இசட் ஓட்டிய ஜான் மார்ட்டன் 1970, 1971 ஆகிய ஈராண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார். அடுத்த ஈராண்டுகள் பட்டம் பாப் ஷார்ப்புக்குப் போயிற்று. ஷார்ப்பின் அணிக்காக ஓட்டிய திரை நடிகர் பால் நியூமன், 1979-இல் இசட் வரிசையின் பிந்தைய கார் ஒன்றில் அதே பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 54.

இந்த வெற்றிகளைக் கண்டு பெயரறியாத பலர் தங்கள் கார்களையும் அவ்வாறே மாற்றினர். மாற்றம் என்பது பெரும்பாலும் கழித்தலே. கம்பளம், வானொலி, பக்கத்து இருக்கை, கதவின் உள்மூடி எல்லாம் போகும். கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் கூண்டு தளத்தோடு சேர்த்துப் பற்றவைக்கப்படும். இரட்டைக் கார்புரேட்டர்கள் இருந்த இடத்தில் மூன்று பெரியவை அமரும். சுருள்வில்கள் இறுகும்; தரைக்கும் காருக்குமான இடைவெளி குறையும். கழற்றிய பாகங்கள் சில காலம் பரணில் கிடந்து, பின் யாருக்கோ போய்ச்சேரும். அன்று அது பழைய கார். அதைச் சிதைப்பதாக எவரும் எண்ணவில்லை.

காலம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. 1990-களின் பிற்பாதியில் நிஸான் நிறுவனமே பழைய 240இசட் கார்களை வாங்கிப் புதுக்கி, சுமார் 25,000 டாலருக்கு விற்றது. தேறியவை நாற்பதுக்கும் குறைவு. 2020 ஜனவரியில் இணைய ஏலமொன்றில், குறைவாகவே ஓடிய, மாற்றம் செய்யப்படாத 1970-ஆம் ஆண்டுக் கார் ஒன்று 3,10,000 டாலருக்குப் போயிற்று. துருவுக்குப் பேர்போன இந்தக் கார்களில் பல மண்ணோடு மண்ணாகிவிட்டதும் விலையேற்றத்துக்கு ஒரு காரணம். ஓட்டாமல் வைத்திருந்தவனுக்கு உலகம் பரிசளிக்கிறது; ஓட்டித் தேய்த்தவனிடம் குறை காண்கிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ப்ராக் அணியின் கார்களும் மாற்றப்பட்டவையே. எஞ்சியிருக்கும் அவை இன்று போற்றிக் காக்கப்படுகின்றன. அவற்றின் வண்ணத்தைப் பூசிக்கொண்ட நகல்களும் உலவுகின்றன. வென்றவன் துளையிட்டால் அது வரலாறு. பெயரில்லாதவன் துளையிட்டால் அது சேதம். மன்னர்களின் மெய்க்கீர்த்தியை மட்டும் வரலாறென்று படித்துப் பழகிய நமக்கு இந்த அளவுகோல் புதிதன்று.

பெயரில்லாதவனுக்கும் ஒரு சாசனம் உண்டு. ஒவ்வொரு பந்தயக் காருக்கும் கிளப் ஒரு பதிவேடு வழங்குகிறது. எந்தக் களத்தில், எந்நாளில் ஓடியது, பரிசோதகர் கண்ட குறை யாது, மோதலில் நேர்ந்த சேதம் என்ன என்பவை அதில் ஏறுகின்றன. கார் கைமாறும்போது பதிவேடும் உடன் செல்கிறது. ஆலைத் தாள்கள் ஒரு காரின் பிறப்பைச் சொல்லும்; இந்தச் சிறு ஏடோ அதன் வாழ்வைச் சொல்கிறது.

விற்கிறவர்முன் மூவர் நிற்கின்றனர். முதலாமவர் கூண்டை அறுத்தெடுத்து, காரைப் 'பழையபடி' ஆக்க விழைகிறார். இரண்டாமவர் எஞ்சினையும் கார்புரேட்டர்களையும் தனித்தனியே விற்க எண்ணுகிறார். பகுதிகளின் கூட்டுத்தொகை முழுமையின் விலையை மிஞ்சுவது இச்சந்தையின் கொடிய கணிதம். மூன்றாமவர் அடுத்த பந்தயத்துக்கே ஓட்ட விரும்புகிறார். பணம் குறைவாகவே வைத்திருக்கிறார். முதலாமவரைக் குறைசொல்ல இயலாது. அரிய தொடக்க காலக் காராயின் அவர் செய்வது மீட்பே. ஆனால் பந்தயத் தேய்மானமே முகவரியாகிவிட்ட காரை 1970-க்குத் திருப்பி அனுப்புவது, இடையில் நடந்த அனைத்தையும் அழித்தெழுதுவதாகும். அத்தகைய காருக்கு மூன்றாமவரே உரியவர் என்பது நம் கட்சி.

அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருக்கைவார்களைக் குறித்த ஆண்டுகளுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். முதுகும் கண்ணும் முன்போல் இல்லை. ஓடாத கார் கொட்டகையிலேயே நோய்கொள்ளும். ஆகவே விற்கத்தான் வேண்டும். செலவிட்ட பணம் திரும்பாது என்பதை அறிந்தே பலரும் விற்கின்றனர்.

தமிழில் 'கைமாறு' என்றால் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போவது. ஒரு மகரமெய் கூடினால் 'கைம்மாறு'. செய்த நன்றிக்குத் திரும்பச் செய்வது. விலைபேசும் நாளில் இரண்டும் ஒன்றென்று தோன்றலாம். ஓட்டிய காருக்கு ஒருவர் செய்யக்கூடிய கைம்மாறு, அதன் ஏட்டில் இன்னும் எழுதப்படாத பக்கங்களோடு அதை ஒப்படைப்பதுதான்.