தமிழ்த் திகில் படங்களில் குறியீட்டுப் பொருள்கள்

திகில் படத்தின் குறியீடு பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருள்தான். ஒரு பொம்மை, ஒரு பூ, ஒரு பூனை. முதல் தடவை கண்ணில் படும்போது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்தடுத்து வரும்போது மனம் துணுக்குறுகிறது. பிறகு கொலைகாரன் திரையில் இல்லாவிட்டாலும் அந்தப் பொருளே போதும், கூட்டம் அடங்கிவிடும். ஜேர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த 'எம்' படத்தில் சிறுமியின் கொலை காட்டப்படுவதில்லை. கேட்பாரற்று உருண்டுவரும் பந்தும் கம்பியில் சிக்கிய பலூனும் சேதியைச் சொல்லிவிடுகின்றன. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் பாடம் செய்த பறவைகள் அதே வேலையைச் செய்கின்றன.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது புதிய பாடம் அல்ல. முல்லைத்தீவு, கோவலன் கூத்துக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கும் பேர்போன மண். கோவலன் கண்ணகி கதையில் குற்றம், தவறான தீர்ப்பு, கொலை எல்லாமே ஒரு சிலம்பைச் சுற்றித்தான் நடக்கின்றன. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த கணத்தில் வழக்கு முடிந்துவிடுகிறது. பல்லி சொல்லுக்குக் காது கொடுத்து, சாக்குருவி கத்தினால் வாசலை எட்டிப் பார்த்து, பூனை குறுக்கே போனால் கொஞ்சம் நின்று போகிற சனத்துக்குச் சகுனத்தைத் திரையில் வாசிக்கத் தனியே கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

தமிழில் திகில் பட வகைக்கு அடித்தளம் போட்டவர் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர். ஏவிஎம் தயாரிப்பில் 1954இல் வந்த அவருடைய 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியியலாளன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். மற்றவர்கள் சொல்லும் கதைகளில்தான் அவன் பிறகு உயிரோடு வருகிறான். அறிவின் பெருமையாக இருந்த வானொலிக் கலையே எதிரிக்கு உளவு சொல்லும் வழியாகிறது. பத்து ஆண்டு கழித்து அவர் எடுத்த 'பொம்மை' (1964) குறியீட்டை இன்னும் எளிமையாக்கியது. வெடிகுண்டு மறைத்த பொம்மை கைமாறிக் கைமாறி நகரைச் சுற்றுகிறது. வைத்திருப்பவருக்கு அது விளையாட்டுப் பொருள். பார்ப்பவருக்கு அது மரணம். ஆனாலும் அந்தப் பொம்மை யாருடைய மனதையும் காட்டவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொன்னது.

மனதைக் காட்டும் பொருள் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தோடு வந்தது. கிராமக் கதையை விட்டால் இவருக்கு வேறு தெரியாது என்ற பேச்சுக்குப் பதிலாக எடுத்த படம் அது. கமல்ஹாசன் நடித்த திலீப் செல்வந்தன், பண்பானவன். பெண்களைக் கொன்று பங்களாத் தோட்டத்தில் புதைத்து, மேலே ரோஜாச் செடி வைக்கிறான். துணிக்கடையில் வேலை செய்யும் சாரதாவாக ஸ்ரீதேவி அந்த வீட்டுக்கு மனைவியாக வருகிறார். காதலர் கொடுக்கும் பூவும் புதைகுழியின் அடையாளமும் ஒன்றேயானதுதான் படத்தின் பலம். ரோஜாவின் சிவப்பு செழிக்கச் செழிக்கப் பார்ப்பவருக்கு வயிறு கலங்குகிறது. கறுப்புப் பூனையோ நேரடியான சகுனம். இளையராஜாவின் இசை அதற்குத் துணை நிற்கிறது.

1980இல் வந்த 'மூடுபனி' பொருளையே விட்டுவிட்டுக் காற்றையும் ஒளியையும் எடுத்துக்கொண்டது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா இயக்கி, தானே ஒளிப்பதிவும் செய்த படம். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, தாய் பட்ட துயரத்தின் நினைவிலிருந்து மீளாதவன். பனி அவன் புத்தியை மூடிய திரை. இந்த இரண்டு படங்களிலும் அழகின் கீழே ஓர் அநீதி இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆணின் கொலைவெறிக்குக் காரணமாக ஒரு பெண்ணின் நடத்தையே காட்டப்படுகிறது. பூவும் பனியும் மனதைக் கவ்வுவதால் அந்தப் பழியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

இப்படங்கள் வீடியோக் கசெற்றாகவும் ஊர்களுக்கு வந்தன. வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்து, ஜெனரேற்றர் வைத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் போட்ட காலம் அது. திரும்பத் திரும்பப் பதிவெடுத்த கசெற்றில் நிறம் வெளிறிவிடும். பாலு மகேந்திராவின் ஒளி நுணுக்கம் அதில் தங்கவில்லை. ரோஜாவும் பூனையும் தங்கின. பொருளாக வரும் குறியீட்டுக்கு எந்தத் திரையிலும் ஆயுசு கெட்டி.

மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) குறியீட்டை மனித உருவுக்கே மாற்றியது. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வந்து நின்றாலே போதும்.

அண்மைக் காலப் படங்களில் குறியீட்டை வைப்பவன் இயக்குநர் அல்ல, கொலைகாரன். மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) படத்தில் வெட்டிய கைகள் அட்டைப் பெட்டியில், சனம் கூடும் இடங்களில் வைக்கப்படுகின்றன. ராம்குமாரின் 'ராட்சசன்' (2018) படத்தில் பரிசுப் பெட்டிக்குள் சிதைத்த பொம்மைத் தலை. பாலச்சந்தரின் பொம்மை உள்ளே இருப்பதை மறைத்தது. இந்தப் பொம்மை வாசிக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் வாசித்து விளக்கும் பொறுப்புப் பொலிசாருக்குப் போனதால், பார்ப்பவர் தானாகக் கண்டு திடுக்கிடும் இடம் சுருங்கிவிட்டது. 'ராட்சசன்' இதை ஓரளவு சமாளிக்கிறது. அந்தத் தலையின் பொருளை உணர்கிற உப பரிசோதகன், படம் இயக்கும் கனவோடு தொடர் கொலைகாரர்களைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து, தயாரிப்பாளர் எவரும் கிடைக்காமல் காக்கி உடுப்புக்கு வந்தவன்.