பட்சிராஜனும் வேடந்தாங்கலும்

ஷங்கரின் '2.0' படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளிவந்த படம். சென்னையில் எல்லோர் கையிலிருந்தும் செல்போன் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. பறந்த போன்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரு ராட்சசப் பறவையாகின்றன. அதை அடக்க, பிரித்து வைத்திருந்த சிட்டி ரோபோவை வசீகரன் மறுபடி எழுப்புகிறார். பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதெல்லாம் நடக்கிற காரியமா?"

நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் பார்த்தால் அதிகம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கேள்வி நல்ல கேள்வி. அதைத் தப்பான இடத்தில் கேட்கிறோம்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன்.

தமிழில் வேற்றுக் கிரகத்தார் வந்து இறங்கியது 1963-இல். ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'. வேறொரு கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வந்து தூக்குகிறவர் நம்பியார் என்று சொல்லவே வேண்டாம்! யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. படம் வந்தது ஏப்ரலில். அதே வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. திரையில் எம்.ஜி.ஆர். முந்திக்கொண்டார்.

அடுத்து 1986-இல் கமலின் 'விக்ரம்'. கதை சுஜாதா. 'அக்னிபுத்ரா' என்ற இந்திய ஏவுகணையை வில்லன் திருடிக்கொண்டு போய்விடுகிறான். சலாமியா என்று ஒரு கற்பனை நாடு, அங்கே ஒரு ராஜா, ராஜகுமாரி என்று படம் எங்கெங்கோ போகும். நம்மிடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஏது என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. 1989 மே 22-ஆம் தேதி ஒரிசாவின் சண்டிப்பூரிலிருந்து நிஜமான ஏவுகணை ஒன்று கிளம்பியது. நடுத்தர தூரம் போவதுதான், ஆனால் அதன் பெயர் 'அக்னி'. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கடைசியாக வேலை செய்த படங்களில் ஒன்று 'எந்திரன்'. 2008 பிப்ரவரியில் அவர் காலமாகிவிட்டார். படம் 2010 அக்டோபர் 1-இல் வந்தது. சிட்டி ரயிலில் போட்ட சண்டையையும் கொசுவோடு பேசியதையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறொரு காட்சி. குடியிருப்பில் தீப்பிடிக்கிறது. சிட்டி உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்துகிறது. அவள் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள். ரோபோ சொன்னதைச் சரியாகத்தான் செய்தது. எது மானம், எது உயிர் என்று அதற்குச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தக் கேள்வியை 2010-லேயே ஒரு ரஜினி படம் கேட்டுவிட்டது.

இந்தப் படங்களில் நடக்காத காரியங்கள் நிறைய. யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. மாயாபஜாரில் கடோத்கஜன் லட்டைத் தட்டோடு வாய்க்குள் வரவழைத்தபோது நாம் கணக்குக் கேட்டோமா? பொய் என்று தெரிந்து ரசிக்கும் பொய் அது.

'2.0'-வில் செல்போன் பறப்பதும் அப்படித்தான். வேடிக்கைக்காக ஒரு கணக்கு. ஒரு ஸ்மார்ட்போன் 170 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் போன் சேர்ந்தால் 17 டன், ஒரு பெரிய லாரியின் எடை. இவ்வளவையும் தூக்க சக்தி எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் சக்தி குறைவில்லை. 3,000 மில்லி ஆம்பியர் பேட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தால் சுமார் 41,000 ஜூல். அதே போனை நேராக மேலே தூக்க அதை அப்படியே செலவழிக்க முடிந்தால் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகலாம். பாக்கெட்டில் அவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம். இல்லாதது சக்தி அல்ல, இறக்கை. காற்றைத் தள்ள ஒன்றும் இல்லாமல் எந்தப் பொருளும் பறக்காது. இந்த இடத்தை ஷங்கர் 'ஆரா', நெகட்டிவ் எனர்ஜி என்று நாலு வார்த்தை சொல்லிக் கடந்துவிடுகிறார். கடக்கட்டும். அதற்காக யாரும் வீட்டில் போனைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கவில்லை.

நாம் கணக்குக் கேட்க வேண்டிய இடம் படத்தின் பிற்பாதியில் வருகிறது. அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜன் என்ற முதியவர் பறவைகளுக்காகவே வாழ்கிறவர். செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் திசை தடுமாறிக் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்பது அவர் கட்சி. கம்பெனியிடம் போகிறார், மந்திரியிடம் போகிறார், நீதிமன்றம் போகிறார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் கோபுரத்திலேயே உயிரை விட்டு, ஆவியாகி வந்து பழிவாங்குகிறார். படத்தில் எல்லோரையும் உருக்கிய பகுதி இதுதான். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் 'போன் பறந்தது' என்று நம்பவில்லை. 'டவர்தான் குருவியை ஒழித்தது' என்று நம்பினார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே செல்போன் கம்பெனிகளின் சங்கம், அறிவியலுக்கு மாறான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் புகாரே படத்துக்கு விளம்பரமாகிவிட்டது.

கம்பெனிகளை ஒதுக்கிவிட்டுப் பறவை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதை மட்டும் பார்ப்போம்.

பிரிட்டனில் சிட்டுக்குருவிகளை வெகுகாலமாக எண்ணி வருகிறார்கள். அங்கே 1977-க்கும் 2008-க்கும் இடையில் சுமார் 71 சதவீதம் குறைந்துபோயின. சரிவு தொடங்கியது 1970-களின் பிற்பகுதியில். அந்த நாட்டில் செல்போன் சேவை ஆரம்பித்தது 1985 ஜனவரியில். காரணம் பின்னால் வந்து விளைவு முன்னால் வர முடியாது.

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து சுக்ராமிடம் பேசியது. அதற்குப் பின்வந்த 25 வருஷத்தில் சிட்டுக்குருவிக்கு என்ன ஆயிற்று? பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த சுமார் 1 கோடிக் குறிப்புகளை வைத்து 2020 பிப்ரவரியில் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வந்தது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது அது. குறைந்திருப்பது பெருநகரங்களில். பட்டியலில் சென்னையும் உண்டு. கோபுரம்தான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அறிக்கை சொன்னது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கதிர்வீச்சு ஆள் பார்த்து அடிக்காது. எங்கள் திருவான்மியூரில் அடுக்குமாடிகளின் ஏ.சி. பெட்டி மேலெல்லாம் புறாக் கூட்டம். காக்கைக்கும் மைனாவுக்கும் பஞ்சமில்லை. குயில் விடிகாலை நாலரைக்கே தொண்டையைத் திறந்துவிடுகிறது. 2023-இல் வந்த அடுத்த அறிக்கை, குயிலும் மயிலும் நாட்டில் பெருகியிருப்பதாகவே சொன்னது. அதே கோபுரங்களுக்கு நடுவில்தான் இவையும் வாழ்கின்றன.

அப்படியானால் குருவி எங்கே போயிற்று? அதற்கு இருக்க இடமும் குஞ்சுக்குச் சாப்பாடும் போய்விட்டன. ஓட்டு வீட்டில் இறவாணம் இருந்தது, உத்திரத்தில் சந்து இருந்தது, சுவரில் சாய்த்து மாட்டிய தாத்தா படத்தின் பின்னால் இடம் இருந்தது. இன்றைய கான்கிரீட் சுவரில் ஒரு விரல் நுழைய இடமில்லை. பெரிய குருவி தானியம் தின்று பிழைத்துக்கொள்ளும். குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் ஆகாரம். அவரைப் பந்தலும் செம்பருத்தி வேலியும் இருந்தால் பூச்சி இருக்கும். தரை முழுக்க டைல்ஸ் போட்டு, மிச்சமிருக்கும் இரண்டு தொட்டிக்கும் மருந்து அடித்தால் பூச்சி ஏது? மளிகைக்கடை வாசலில் திறந்து வைத்த மூட்டையும் போய், எல்லாம் பொட்டலத்துக்குள் அடைபட்டுவிட்டது.

ஷங்கரிடம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மின்காந்த அலை பறவையின் திசையறிவைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில், வலசை போகும் ராபின் பறவைகளை மரக்குடிலில் வைத்துச் சோதித்தார்கள். நகரத்துக்குள் இருந்த குடிலில் அவற்றுக்குத் திசை தெரியவில்லை. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்ததும் தெரிந்துவிட்டது! 2014-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஆனால் தொந்தரவு செய்த அலைகள் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் பழைய மீடியம் வேவ் ரேடியோவும் மின்சாதனங்களின் இரைச்சலும் இருக்கும் இடம். செல்போன் பேசுவது 900, 1800 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் கீழும். அந்த அளவுக்கு அந்த ஆராய்ச்சி போகவில்லை.

கோபுரம் பறவையைக் கொல்வதும் உண்மைதான், வேறு விதத்தில். அமெரிக்காவிலும் கனடாவிலும் உயரமான தொலைத்தொடர்புக் கோபுரங்களின் விளக்கிலும் இழுவைக் கம்பியிலும் மோதி வருஷத்துக்கு சுமார் 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012-இல் மதிப்பிட்டார்கள். ராஜஸ்தானில் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாகிறது என்று நம் உச்ச நீதிமன்றமே 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. காரணம் சரியாகத் தெரிந்தால் பரிகாரமும் தெரிகிறது. கம்பியைப் புதைக்கலாம், விளக்கை மாற்றலாம், சுவரில் ஒரு பொந்து விடலாம். டவர்தான் எமன் என்று முடிவு கட்டிவிட்டால் போனைத் திட்டிக்கொண்டே அதே போனில் படம் பார்க்கத்தான் முடியும். குருவிக்கு ஒன்றும் ஆகாது. எனக்குள்ள வருத்தம் இதுதான்.

பட்சிராஜன் பாத்திரத்துக்குச் சாலிம் அலி முன்மாதிரி என்று அப்போது எழுதினார்கள். நிஜ சாலிம் அலி வேறு மாதிரி. சிறு வயதில் ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டைச் சுட்டு, அது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனவர், அங்கிருந்து திரும்பவே இல்லை. 90 வயது வரை வாழ்ந்தார். பரத்பூரைக் காக்கவும் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் குரல் கொடுத்தார். 1985-இல் மாநிலங்களவைக்கே போனார். அரசாங்கம் காது கொடுக்கும் வரை பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. இங்கிருந்து 80 கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை போனால் விளைச்சல் போகும். கலெக்டர் பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு போட்டுக் கொடுத்தார். 1858-இல் அதை மறுபடி உறுதி செய்து வாங்கினார்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம்.

ஆகவே '2.0'-வில் என்னால் நம்ப முடியாதது செல்போன் பறந்தது அல்ல. பட்சிராஜன் என்ற அந்தப் பெரியவர் மனுவோடு அலைந்தபோது கூட நிற்க ஒரு ஊரும் இல்லை என்கிறார்களே, அதைத்தான் நம்ப முடியவில்லை. நம் பக்கத்து வழக்கம் அப்படியில்லை. படம் வெளியான அதே நவம்பர் கடைசியில் வேடந்தாங்கல் ஏரியில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பர், ஜனவரியில் போனால் கடப்ப மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போவது நல்லது. கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும்.